வாட்டம்

பெலேமில் யாரும் மணி சொல்வதில்லை.
மழைக்கு முன் வருகிறேன் என்பார்கள்,
அல்லது மழைக்குப் பின்.
ஓஸ்மரீனோ மட்டும் மழைக்கு நடுவில் வந்தார்,
தோளில் ஏசிப் பெட்டியும்
வாய் நிறையச் சிரிப்புமாக.
அக்காள் கணவர். கூலி வேண்டாம் என்றார்.
துளை போட்டு, மாட்டி, இரண்டு பீர் குடித்து
"இனிமேல் நீங்கள் ஐரோப்பாவில் தூங்கலாம்"
என்று சொல்லிவிட்டுப் போனார்.

தூங்கினோம். இரண்டு வருடம்.

முதலில் வாடை.
ஈரச் சாக்கு என்றேன் நான்.
செத்த எலி என்று
கட்டிலைப் புரட்டித் தேடினார் வால்டெனோர்.
பிறகு என் தோல் செருப்பு பச்சையானது.
பிறகு காயிக் இரவில் இரும ஆரம்பித்தான்,
யாரோ கதவைத் தட்டி
யோசித்து
மறுபடி தட்டுவது மாதிரி.

அலமாரியை நகர்த்திய அன்றுதான் பார்த்தேன்.
பூத்திருந்தது.
கூரையிலிருந்து தரை வரை கறுப்பாய்,
விளிம்பில் சாம்பலாய்,
தொட்ட விரலில் வெல்வெட்டாய்.
பூசணம் பூத்தது என்கிறோமே,
இதையும் ஏன் பூக்க விட்டார்கள் மொழியில்?
விதை போடவில்லை, நீர் ஊற்றவில்லை.
இல்லை, ஊற்றியிருக்கிறோம்.
மாதா மாதம் மின்கட்டணம் கட்டி,
ஒவ்வொரு சொட்டாக.

ஞானஸ்நானப் படத்தில்
பாதிரியார் இருக்கிறார், குழந்தை இருக்கிறான்,
ஞானத்தந்தை ஓஸ்மரீனோவுக்கு
கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லை.

வினிகர் ஊற்றித் தேய்த்தேன். போனது.
பத்தாம் நாள் அதே இடத்தில், அதே வடிவில்,
விலாசம் மறக்காத கடன்காரன் போல் வந்து நின்றது.
அடுத்த மாதம் ப்ளீச்,
ஜன்னலைத் திறந்து, மூக்கில் துணி கட்டி.
அதற்கும் அடுத்து வால்டெனோர் பெயிண்ட் அடித்தார்,
டப்பாவில் முத்துவெள்ளை என்று போட்டிருந்தது.
முத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது.

தானமாய் வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது, சரி.
மாடு படுக்கையறையில் மூத்திரம் பெய்தால்?

எதிர்வீட்டுக் கொத்தனாரிடம்
ரசமட்டம் இரவல் வாங்கினேன்.
ஸ்டூலில் ஏறி ஏசியின் மண்டையில் வைத்தேன்.
குமிழி தயங்கவே இல்லை,
வடிகுழாய்ப் பக்கம் ஓடியது. அந்தப் பக்கம்தான் மேடு.
ஒரு விரற்கடை இருக்கும்.
வெளியே போக வேண்டிய தண்ணீருக்கு
வாட்டம் வீட்டுக்குள்.

ஏசியை அணைத்தோம்.
வெந்து கிடந்தோம், சீரியோ திருவிழா வரைக்கும்.
விருந்துக்கு வந்த ஓஸ்மரீனோ
வாத்துக்கறி இரண்டாம் தட்டு முடித்து,
சட்டைப் பித்தானைத் தளர்த்தி,
"ஏன் இந்தப் புழுக்கம்? ஐரோப்பா என்ன ஆச்சு?" என்றார்.

அறைக்குக் கூட்டிப் போனேன்.
ஒன்றும் சொல்லவில்லை,
ரசமட்டத்தைக் கையில் கொடுத்தேன்.
அவரே ஏறினார், அவரே வைத்தார்,
குமிழியை ரொம்ப நேரம் பார்த்தார்.
இறங்கும்போது அலமாரி மேலிருந்த படத்தையும்.
"என் தலை எங்கே?"
"சுவர் தின்றுவிட்டது."

அத்தனை நாள் பெட்டியில் இருந்த வாட்டம்
அவர் முகத்துக்கு வந்தது.

திருவிழாச் சட்டையோடே திருப்புளி கேட்டார்.
கூடத்தில் அக்காள் எல்லாரையும்
உரக்கப் பேசவைத்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் நடந்தது தூசி.
செங்கல் தெரியும்வரை பூச்சைக் கொத்தி
மூன்று மூட்டை அள்ளினோம்.
தினமும் மழை பெய்கிற ஊரில்
ஒரு சுவர் காய
எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியவில்லை.
மின்விசிறியை அதன் பக்கம் திருப்பிவைத்து
நாங்கள் வியர்த்துக்கொண்டு படுத்தோம்,
நோயாளி அதுதான் என்பது போல.

காயிக்கின் இருமல் குறைந்திருக்கிறது.
நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன்.

இப்போது தண்ணீர் ஒழுங்காக வெளியே சொட்டுகிறது,
ஸுலெய்டியின் தகரக் கூரை மேல்,
இரவு முழுக்க, டக், டக்.
நேற்று வந்திருந்தாள், மழைக்கு முன்,
இடுப்பில் கை வைத்து.